ஆறு மணிக்குக் கிளம்பினால் ‘ஹாஃப் டே’வா?

எட்டு மணி நேர வேலைக்காக 12 உயிர்களைக் கொடுத்த ஊர் புதுச்சேரி. எட்டு மணி நேர வேலைக்கு நினைவுச் சின்னமே வைத்திருக்கும் நாடு ஜப்பான். இரண்டு இடத்திலும் இன்று சீட்டைவிட்டு எழுந்திருக்க ஏன் இத்தனை தயக்கம்?

மாலை ஆறு மணி. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்திருக்கிறீர்கள். நாலு சீட் தள்ளி ஒரு குரல்.

“என்னப்பா, இன்னிக்கு ஹாஃப் டேவா?”

எல்லோரும் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரிக்கிறீர்கள். ‘ஒரே ஒரு மெயில் பார்த்துட்டுக் கிளம்புறேன்’ என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் உட்கார்ந்துவிடுகிறீர்கள். வீட்டில் வைத்த ரசம் ஆறிக்கொண்டிருக்கும்.

‘எட்டு மணி வரை இரு’ என்று யாரும் சொல்லவில்லை. சர்க்குலர் எதுவும் வரவில்லை. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் ஒன்பது முதல் ஆறு வரை என்றுதான் இருக்கிறது. ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை. எனக்கும் இது நடந்திருக்கிறது. முதல் வேலையில் அந்த ஒரு கேலிக்குப் பயந்தே எத்தனையோ மாலைகளை வேலையே இல்லாமல் ஆபீஸில் கழித்தேன்.

சொல்லாமலே நடக்கும் இந்த ஓவர்டைமுக்கு உலகப் புகழ்பெற்ற நாடு ஜப்பான். அங்கே போவதற்கு முன்னால், நம் புதுச்சேரி கடலூர் சாலைக்குக் கொஞ்சம் போய் வருவோம்.

சங்குக்காகக் காத்திருந்த வீடுகள்

புதுச்சேரி ஒரு காலத்தில் மில் ஊர். சவானா மில், ரோடியர் மில், கெப்ளே மில் என்று மூன்று பஞ்சாலைகள். ‘சுதேசி’, ‘ஏ.எஃப்.டி.’, ‘பாரதி’ என்று சொன்னால் இன்றைய தலைமுறைக்குப் புரியும். மில் சங்குதான் பல வீடுகளுக்குக் கடிகாரம். சங்கு ஊதினால் ஆள் உள்ளே. மறுபடி ஊதினால்தான் வெளியே.

புதுச்சேரிக் கவிஞர் பாரதிதாசன் இதை ஒரு பாட்டாகவே எழுதினார். பஞ்சாலைக்குப் போன கணவனுக்காக வீட்டில் காத்திருக்கும் பெண், ‘நேரமாகிவிட்டதே, இன்னும் ஊத மாட்டாயா’ என்று அந்தச் சங்கிடமே கேட்பதாக இருக்கும் பாட்டு அது. வேலை நேரம் என்பது வேலைக்குப் போகிறவரின் பிரச்னை மட்டுமில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பவரின் பிரச்னையும்தான் என்பதை நம்மூர்க் கவிஞர் அன்றே பிடித்துவிட்டார்.

1930-களில் இந்த மில்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல் வேலை. கூலியோ குறைவு. சங்கம் வைக்க உரிமை கிடையாது. மக்கள் தலைவர் வ.சுப்பையா தொழிலாளர்களைத் திரட்டினார். 1936-ல் பிரான்ஸில் லியோன் ப்ளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு வந்தது. அங்கே தொழிலாளர்கள் தொழிற்சாலைகளுக்குள்ளேயே அமர்ந்து போராடி, ஜூன் மாதத்தில் வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்ற சட்டத்தைப் பெற்றார்கள். ‘அதே பிரெஞ்சுக் கொடிதானே இங்கேயும் பறக்கிறது? எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?’ என்ற கேள்வி புதுச்சேரியில் எழுந்தது நியாயம்தானே.

1936 ஜூலை 30. வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 தொழிலாளர்கள் செத்து விழுந்தார்கள். செய்தி பாரிஸ் வரை போனது. சுப்பையாவும் பாரிஸுக்குப் போய் வாதாடினார். 1937-ல் பிரெஞ்சிந்தியாவுக்கான தொழிலாளர் ஆணை வந்தது. எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை இரண்டும் கிடைத்தன.

‘ஆசியாவிலேயே எட்டு மணி நேர வேலை முதலில் சட்டமானது எங்க ஊர்லதான்’ என்று புதுச்சேரிக்காரர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைக்குக் காரணம் இருக்கிறது. அப்போது எல்லையைத் தாண்டி பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் போனால், ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரம் வரை வேலை வாங்கச் சட்டமே அனுமதித்தது. அங்கே அது 48 மணி நேரமாகக் குறைந்தது 1946-ல்தான். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 30 அன்று அந்தத் தியாகிகளுக்குப் புதுச்சேரியில் மலரஞ்சலி நடக்கிறது.

கோபேயிலும் ஒரு நினைவுச் சின்னம்

ஜப்பானில் கோபே என்று ஒரு துறைமுக நகரம். புதுச்சேரி மாதிரியே கடலோரம். அங்கே ‘எட்டு மணி நேர வேலை பிறந்த இடம்’ என்று ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது.

1919-ல் அங்கிருந்த கவாசாகி கப்பல் கட்டும் தளத்தில் சம்பள உயர்வு கேட்டார்கள். வேலைநிறுத்தம் செய்யாமல், வேலைக்கு வந்து வேண்டுமென்றே மெதுவாக வேலை பார்த்தார்கள். கடைசியில் நிர்வாகம் எட்டு மணி நேர வேலைக்கு ஒப்புக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1947-ல் ஜப்பானின் தொழிலாளர் தர நிர்ணயச் சட்டமே ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று எழுதிவிட்டது.

அப்புறம் எப்படி அந்த நாட்டுக்கு ‘ஓவர்டைம் நாடு’ என்று பெயர் வந்தது?

முதல் காரணம் சட்டத்தில் இருந்த ஒரு சந்து. அந்தச் சட்டத்தின் 36-வது பிரிவு, தொழிலாளர் தரப்பும் நிர்வாகமும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் கூடுதல் நேரம் வேலை வாங்கலாம் என்றது. சந்து நாளடைவில் சாலையாகிவிட்டது.

இரண்டாவது காரணம் எந்தச் சட்டத்திலும் இல்லை. அது காற்றில் இருந்தது.

காற்றைப் படிக்கிறவர்கள்

நிஜமாகவே அப்படித்தான் சொல்கிறார்கள். ‘கூகி ஓ யோமு’ என்று ஒரு ஜப்பானியச் சொற்றொடர். காற்றைப் படிப்பது என்று அர்த்தம். வாய் திறந்து யாரும் சொல்லாததை, இருக்கிற சூழலைப் பார்த்தே புரிந்துகொள்வது. நமக்கும் இது புதிதில்லை. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. மன்னரிடம் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லும் அதிகாரத்துக்கு அடுத்ததாகவே வள்ளுவர் அதை வைத்திருக்கிறார்!

பாரம்பரியமான ஜப்பானிய ஆபீஸில் தனி அறைகள் குறைவு. மேஜைகளை ஒட்டிப் போட்டு, எதிரெதிரே உட்கார வைப்பார்கள். கோடியில் மேலதிகாரி. அவர் தலையைத் தூக்கினால் எல்லோரும் தெரிவார்கள். யாராவது எழுந்தாலும் எல்லோருக்கும் தெரியும்.

முன்னதாகக் கிளம்புகிறவர் ‘ஒசாகி நி ஷித்சுரே ஷிமாஸ்’ என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். ‘உங்களுக்கு முன்னால் போகிறேன், மரியாதைக் குறைவுக்கு மன்னியுங்கள்’ என்பது போன்ற அர்த்தம். நேரத்துக்குப் போவதற்கே மன்னிப்பு! அது வெறும் சம்பிரதாய வார்த்தைதான். ஆனால் சம்பிரதாயம்கூட மனசுக்குள் ஏதோ ஒன்றை எழுதிவிடுகிறது.

ஓவர்டைமில் அவர்கள் வைத்திருக்கும் ரகங்களைப் பாருங்கள். கணக்கில் எழுதாமல், காசு வாங்காமல் பார்ப்பது ‘சர்வீஸ் ஸங்க்யோ’. மற்றவர்கள் இருக்கிறார்களே என்று துணைக்கு உட்கார்ந்திருப்பது ‘ட்சுகியாய் ஸங்க்யோ’. வேலையை மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்துப் போவது ‘ஃபுரோஷிகி ஸங்க்யோ’. ஃபுரோஷிகி என்பது பொருள்களை முடிந்து எடுத்துச் செல்லும் துணி. இன்றைக்கு நம் லேப்டாப் பைதான் அந்த மூட்டை.

பீர் ஊற்றுவதும் வேலைதான்

ஆபீஸ் முடிந்தாலும் நாள் முடியாது. அடுத்து ‘நோமிகாய்’. சக ஊழியர்கள் சேர்ந்து குடிக்கவும் சாப்பிடவும் போவது. அங்கேயும் இருக்கை முறை உண்டு. வாசலிலிருந்து தள்ளி இருக்கும் இடம் பெரியவருக்கு. வாசலோரம் ஜூனியருக்கு, ஆர்டர் கொடுக்கிற வேலையும் அவருக்கே. தன் கிளாஸில் தானே ஊற்றிக்கொள்வது வழக்கமில்லை. அடுத்தவர் கிளாஸ் காலியாகிறதா என்று பார்த்து ஊற்ற வேண்டும். முதல் கடை முடிந்ததும் ‘நிஜிகாய்’, அதாவது இரண்டாவது கடை. கடைசி ரயிலைப் பிடிக்க ஓடுவது வரை நீளும்.

இதில் நல்லதும் இருந்தது. பகலில் வாய் திறக்க முடியாத ஜூனியர், இரவில் மேலதிகாரியிடம் மனம்விட்டுப் பேசலாம். குடிப்பதைக் குறிக்கும் ‘நோமு’வையும் ‘கம்யூனிகேஷ’னையும் சேர்த்து ‘நோமினிகேஷன்’ என்றே ஒரு வார்த்தை செய்துவிட்டார்கள். ஆனால் குடிக்காதவர், கைக்குழந்தை உள்ள தாய், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர் என்ன செய்வார்? முக்கியமான பேச்செல்லாம் அந்த மேஜையில் நடந்தால், அந்த மேஜையில் இல்லாதவருக்கு நஷ்டம்தானே?

ஜப்பானைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால், சனிக்கிழமை காலை புதுச்சேரி கடற்கரைச் சாலையைப் பாருங்கள். சென்னை, பெங்களூரிலிருந்து ‘டீம் அவுட்டிங்’ வேன்கள். ஒரே நிறத்தில் டி-ஷர்ட். ராக் பீச்சில் குரூப் போட்டோ. பலருக்கு அது நிஜமான சந்தோஷம். சிலருக்கோ, மகளின் பள்ளி விழாவை விட்டுவிட்டு வந்த சனிக்கிழமை. ‘விருப்பம் இருந்தா வாங்க’ என்றுதான் மெசேஜ் வந்திருக்கும். வராவிட்டால் ‘டீம் பிளேயர் இல்லை’ என்ற பெயரும் சேர்ந்தே வரும்.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ‘வரலைன்னா என்ன ஆகும்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘ஒண்ணும் ஆகாது’ என்று மனசு உறுதியாகச் சொன்னால், அது நட்பு. பதில் சொல்லத் தயங்கினால், அது டியூட்டி.

உயிரை வாங்கிய ஓவர்டைம்

அதிக வேலையால் வரும் சாவுக்கு ஜப்பானியர்கள் ‘கரோஷி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கவாதம், மாரடைப்பு, மன அழுத்தத்தால் நேரும் தற்கொலை எல்லாம் இதில் அடங்கும். ஒரே மாதத்தில் 100 மணி நேரம், அல்லது சில மாதங்களுக்குச் சராசரியாக 80 மணி நேரம் ஓவர்டைம் என்றால் அபாயக் கோடு என்று அரசே கணக்கு வைத்திருக்கிறது.

2015 டிசம்பரில் டென்சு என்ற பெரிய விளம்பர நிறுவனத்தில், வேலைக்குச் சேர்ந்து ஓர் ஆண்டுகூட ஆகாத 24 வயதுப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு மாதத்தில் 100 மணி நேரத்துக்கும் மேல் ஓவர்டைம் பார்த்திருந்தார் என்பது தெரியவந்தது. அடுத்த ஆண்டு அது வேலைப்பளுவால் நேர்ந்த மரணம் என்று அரசு ஏற்றுக்கொண்டது. சட்டவிரோத ஓவர்டைமுக்காக 2017-ல் நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு விதித்த அபராதம் 5 லட்சம் யென். அந்தத் தொகையைவிட, மகளை இழந்த தாய் வெளியே வந்து பேசியதுதான் நாட்டை உலுக்கியது.

2018-ல் புதிய சட்டம் வந்தது. ஓவர்டைம் மாதத்துக்கு 45 மணி நேரம், ஆண்டுக்கு 360 மணி நேரம். தவிர்க்க முடியாத சூழலிலும் ஆண்டுக்கு 720-ஐத் தாண்டக் கூடாது. 2019-ல் பெரிய நிறுவனங்களுக்கும், 2020-ல் சிறிய நிறுவனங்களுக்கும் இது அமலானது. மீறினால் தண்டனை உண்டு.

அதற்கு முன்பே, 2017-ல் ‘பிரீமியம் ஃப்ரைடே’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கே வீட்டுக்குப் போகலாம். கேட்க நன்றாக இருந்தது. போனவர்கள் மிகக் குறைவு. மாதக் கடைசி, வேலை குவியும் நேரம். யார் முதலில் எழுந்திருப்பது? திட்டம் சத்தமில்லாமல் மறைந்துபோனது.

நோமிகாய் பழக்கத்தைக் கொரோனா அசைத்துப் பார்த்தது. 2021-ல் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், ‘ஆபீஸ் உறவுக்காகச் சேர்ந்து குடிப்பது தேவையில்லை’ என்று சொன்னவர்கள் முதன்முறையாகப் பாதியைத் தாண்டினார்கள். ஒருமுறை போகாமல் இருந்து பார்த்தால்தான், போகாமலும் இருக்கலாம் என்று தெரிகிறது!

எழுதினால் எதிர்க்கலாம்... எழுதாததை?

இப்போது நம் பக்கம் வருவோம். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டசபையில், தொழிற்சாலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நிறைவேறியது. வாரத்துக்கு மொத்தம் 48 மணி நேரம்தான், நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுமுறை என்று விளக்கம் சொல்லப்பட்டது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. பத்தே நாளில், மே தினத்தன்று மசோதா திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார்.

இதே 12 மணி நேரம் எத்தனையோ ஏ.சி. ஆபீஸ்களில் தினமும் நடக்கிறது. அதை எதிர்த்து ஒரு கொடி பறந்ததா? பறக்காது. ஏனென்றால், எழுதிய விதியைக் கிழிக்கலாம். எழுதாத விதியை எங்கே பிடித்துக் கிழிப்பது?

மில்லில் சங்கு இருந்தது. எட்டு மணி நேரம் முடிந்தும் ஊதாவிட்டால், தப்பு யார் மேல் என்று ஊருக்கே தெரியும். நம் கையில் இருக்கும் போனில் சங்கு இல்லை. இரவு 9.40-க்கு ‘ஆர் யூ ஃப்ரீ ஃபார் எ குயிக் கால்?’ என்று ஒரு மெசேஜ். நீல டிக் விழுந்துவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அந்த நேரம் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாது. ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது நம் நாட்டுச் சட்டத்தில் பல காலமாக இருக்கும் விதி. ஆனால் ‘மேனேஜர்’ என்று ஒரு பட்டம் கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. ஜப்பானிலும் இந்தத் தந்திரம் உண்டு. ‘பெயருக்கு மேனேஜர்’ என்றே அதைக் கேலி செய்வார்கள். 2008-ல் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடை மேனேஜர், ‘என் பெயர்தான் மேனேஜர், வேலை ஊழியருடையது’ என்று வழக்குப் போட்டு, டோக்கியோ நீதிமன்றத்தில் ஓவர்டைம் பாக்கியைக் கேட்டு ஜெயித்தார்.

2023-ல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியனின் 90 மணி நேரப் பேச்சு வெளியானது. இரண்டுக்கும் எவ்வளவு மீம்ஸ்! அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள், அதனால் விவாதிக்க முடிந்தது. சொல்லாமல் எதிர்பார்ப்பவர்களோடு எப்படி விவாதிப்பது?

உடம்பு மட்டும் ரகசியக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவிகிதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 சதவிகிதமும் அதிகம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து வெளியிட்ட கணக்கு இது.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எட்டு மணிக்கு ஆபீஸை விட்டால், ஒன்பது மணிக்கு அடுப்படியில் அடுத்த ஷிஃப்ட். குழந்தைக்காக ஆறு மணிக்குக் கிளம்புகிறவர், அன்றைய வேலையை முடித்துவிட்டே கிளம்பினாலும், ‘அவங்களுக்குக் கமிட்மென்ட் கம்மி’ என்று பெயர் வாங்குகிறார். ஏழு மணி வரை டீ குடித்துப் பேசிக்கொண்டிருந்தவருக்கு ‘ஹார்டு வொர்க்கர்’ பட்டம்.

என்னதான் செய்வது?

பிரான்ஸ் 2017-ல் ‘தொடர்பைத் துண்டிக்கும் உரிமை’ச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகான மெயில், மெசேஜ் பற்றி ஊழியர்களோடு பேசி முடிவெடுக்க வேண்டும். 2024-ல் ஆஸ்திரேலியாவும் இதே போன்ற உரிமையைக் கொடுத்தது. நம் மக்களவையில் சுப்ரியா சுலே 2018-ல் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். சட்டமாகவில்லை.

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆபீஸுக்குள்ளேயே சில விஷயங்களை வாய்விட்டுப் பேசலாம்.

- இரவில் வேலை வந்தால், ‘இன்னிக்கே வேணுமா சார், நாளைக்குக் காலையில் போதுமா?’ என்று கேளுங்கள். பல நேரம் பதில், ‘நாளைக்கே போதும்மா’ என்றுதான் வரும். அவர் மறந்துவிடக் கூடாதே என்று அனுப்பியிருப்பார்.

- நீங்கள் மேலதிகாரியா? வாரத்தில் இரண்டு நாளாவது நேரத்துக்கு நீங்கள் முதலில் கிளம்புங்கள். ‘போகலாம்’ என்று பத்து முறை சொல்வதைவிட உங்கள் காலி நாற்காலி சத்தமாகப் பேசும்.

- டீம் பார்ட்டியை மதியச் சாப்பாடாக, வேலை நேரத்துக்குள் வையுங்கள். ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டியவரும், குடிக்காதவரும், தாய்மார்களும் வருவார்கள்.

- கூடுதலாக இருந்த நேரத்தை ஒரு டைரியில் எழுதி வையுங்கள். எண்ணாக இருந்தால்தான் அதைப் பற்றிப் பேச முடியும்.

- ‘ஹாஃப் டேவா?’ ஜோக்கை நாமும் சொல்லியிருப்போம். முதலில் நாம் நிறுத்துவோம்.

வேலை அதிகம் இருக்கும் நாட்கள் உண்டு. மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் ஆபீஸிலும், தீபாவளிக்கு முந்தைய வாரம் ஜவுளிக் கடையிலும் ஆறு மணிக்குக் கிளம்பிவிட முடியாது. அதை யாரும் தப்பு சொல்லவில்லை. ‘இந்த வாரம் கூடுதல் வேலை இருக்கு, இருக்க முடியுமா?’ என்று ஒருவர் கேட்டு, இன்னொருவர் பதில் சொல்லி, அதற்கான காசோ மாற்று விடுப்போ கிடைத்தால் அது உழைப்பு. கேட்காமலே எடுத்துக்கொண்டால்தான் பிரச்னை.

ஏ.எஃப்.டி. மில் 2020 ஏப்ரலோடு மூடப்பட்டுவிட்டது. இன்று கடலூர் சாலையில் போனால், ஊருக்கே நேரம் சொன்ன அந்தச் சத்தம் கிடையாது. வேலை முடிந்துவிட்டது என்று நமக்கு வெளியிலிருந்து யாரும் ஊதிச் சொல்லப் போவதில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வீடு மட்டும் அப்படியே இருக்கிறது.

அதனால், நாளை மாலை பையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கும்போது ‘என்னப்பா, ஹாஃப் டேவா?’ என்று யாராவது கேட்டால், கோபப்பட வேண்டாம். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

“இல்லை சார், ஃபுல் டே. எட்டு மணி நேரம் ஆயிடுச்சு.”